பள்ளிக்கூடத்துச் சேதி சொன்ன இருசம்மாள்

வெள்ளாலங்காடு அரசு உயர்நிலைப் பள்ளியில் தண்ணீர் நிரப்ப, வகுப்பறை கூட்ட, மணி அடிக்க என்று மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரே ஆளாக இருசம்மாள் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. அதற்கு முன் அவளும் கணவன் தர்மனும் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை செய்தார்கள். தர்மன் இன்னும் அங்கேதான் லாரியில் கல் ஏற்றிக்கொண்டிருந்தான். பாறைச் சூட்டில் நின்று பழகிய உடம்புக்கு, வேப்பமர நிழலில் குடம் தூக்குகிற வேலை கொஞ்சம் கூச்சத்தைக்கூடத் தந்தது. "இதுக்குமா சம்பளம் தராங்க?" என்று முதல் மாதம் தர்மனிடம் கேட்டாள்.

அவள் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் இல்லை. எழுத்து என்றால் அவளைப் பொறுத்தவரை சாயங்காலம் ஈரத்துணியால் துடைக்கவேண்டிய வெள்ளைக் கோடு. ஆனால் காது மட்டும் அபாரமான காது. ஒருதரம் கேட்டது மறக்காது. கீழத்தெருவில் யார் வீட்டுப் பிள்ளை எந்த மழைக்குப் பிறந்தது, எந்தக் கல்யாணத்துக்கு யார் யார் வந்து எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதுவரை கேட்டால் சொல்லுவாள். அதை ஒரு திறமையாக அவளும் நினைத்ததில்லை, மற்றவர்களும் நினைத்ததில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு ஜூனில் அமிர்தவல்லி டீச்சர் தலைமையாசிரியையாக வந்தார். லால்குடிக்காரர். செந்துறையில் வீடு எடுத்துத் தங்கி, காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போவார். வந்த மூன்றாம் மாதமே அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பிள்ளைகளின் ரேங்க் கார்டுகள் பெற்றோர் கையெழுத்தோடு ஒழுங்காகத் திரும்பி வந்தன. ஆனால் ஏழாம் வகுப்புக் கார்டுகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது, பத்தொன்பது அப்பாக்களுக்கும் ஒரே பெருவிரல் ரேகை. அதுவும் ஒரு சின்னப் பிள்ளையின் விரல்.

"இந்த ஊர்ல ஒரு பெத்தவங்களுக்கும் தன் பிள்ளை என்ன மார்க் வாங்குதுன்னு தெரியாதா இருசம்மா?" என்று கேட்டார்.

"எங்கேருந்து டீச்சர் தெரியும்? விடிஞ்சா கடலைக் கொல்லைக்குப் போவாங்க. பொழுதடைஞ்சு வருவாங்க. புள்ளை பையைத் தூக்கிட்டுப் போவுதா, சரி, படிக்குதுன்னு நெனச்சுக்குவாங்க."

பிள்ளைகள் கையில் கொடுத்தால்தானே வழியில் இந்த வேலை நடக்கிறது, நேரே வீட்டுக்கே எழுதிவிடலாம் என்று அமிர்தவல்லி டீச்சர் முடிவு செய்தார். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அறுபது தபால் கார்டுகள் வாங்கி வரச் சொல்லி, ஒவ்வொன்றாக எழுதினார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் பழக்கம். எதிரே தரையில் உட்கார்ந்து, எழுதி முடித்த கார்டுகளில் பள்ளிக்கூடத்து வட்ட முத்திரையை மையில் ஒற்றிக் குத்திக்கொண்டிருந்தாள் இருசம்மாள்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் பள்ளியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பியவளுக்குத் தெரு முனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. மருதாயி வீட்டு வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். மருதாயி தலையை விரித்துப் போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள். அவள் கணவன் அமாவாசை சுவரில் சாய்ந்து நின்று அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடி ஆச்சு?"

"காயிதம் வந்துடுச்சு இருசு! எந்தம்பிக்கு என்ன ஆச்சோ தெரியலியே! பம்பாயில போயி இருக்காதடான்னு சொன்னேனே!"

தபால்காரர் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. கார்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தெருவுக்குத் தபால் என்று ஒன்று வந்தால் அது சாவாக இருக்கும், இல்லாவிட்டால் கோர்ட்டாக இருக்கும். கோர்ட்டுக்கு அவர்களிடம் நிலம் இல்லை. ஆகவே சாவுதான் என்று மருதாயி முடிவு கட்டிவிட்டாள். படிக்கத் தெரிந்த மகள் வேம்பு ஆறாம் வகுப்பு. அவள் கார்டைப் பார்த்ததும் எங்கே போனாள் என்றே தெரியவில்லை.

இருசம்மாள் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். எழுத்து புரியவில்லை. ஆனால் மூலையில் நீல வட்டம் தெரிந்தது. அரை வட்டம் அழுத்தமாகவும் அரை வட்டம் மங்கலாகவும் விழுந்திருந்தது. அவள் குத்தியதுதான்.

"அடியே, நிறுத்துடி! ஒந்தம்பி நல்லாத்தான் இருக்கான். இது எங்க பள்ளிக்கூடத்துக் கார்டு. நான்தான் முத்திரை குத்தினேன்."

"அப்ப என்னதான் போட்டிருக்கு?"

இருசம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சரின் குரல் அப்படியே காதுக்குள் ஓடியது. "'தங்கள் மகள் வேம்பு காலாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் நூற்றுக்குப் பத்தொன்பது மதிப்பெண் பெற்றிருக்கிறாள். தமிழில் அறுபத்திரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இல்லை. இப்போது வந்துவிட்டார். சனிக்கிழமை தோறும் தனி வகுப்பு நடக்கும். தவறாமல் அனுப்பி வைக்கவும்.' அவ்வளவுதாண்டி."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மருதாயியும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். குதிருக்குப் பின்னால் ஒளிந்திருந்த வேம்புவை அமாவாசை கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தான்.

சிரித்து முடித்த பிறகு மருதாயி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே கேட்டாள்: "ஏன் இருசு, நாலு மாசமா கணக்கு வாத்தியாரே இல்லியாமே. நீ அங்கதானே இருக்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை யாரும் சொல்லலியே?"

அப்படிச் சொல்லலாம், அது சொல்லக்கூடிய விஷயம் என்றே இருசம்மாளுக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் அமிர்தவல்லி டீச்சரிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். டீச்சர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அந்தக் கார்டுல எழுதினதை நீ அப்படியே சொன்னியா?" என்று கேட்டார். சொல்லிக் காட்டினாள். "அதுக்கு அடுத்த கார்டு யாருக்கு எழுதினேன்?" அதையும் சொன்னாள். பன்னிரண்டு கார்டுவரை போனதும் டீச்சர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"இனிமே தபால் கார்டு வேண்டாம் இருசம்மா. நீயே போய்ச் சொல்லிட்டு வந்துடு."

இப்படித்தான் அந்த வேலை ஆரம்பித்தது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் அவளை எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் படிப்பார். எந்த ஆசிரியர் இருக்கிறார், எந்த இடம் காலி, யார் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார்கள், அடுத்த பரீட்சை என்றைக்கு, எந்தப் பாடத்தில் எத்தனை பேர் தேறவில்லை, அதற்குப் பள்ளிக்கூடம் என்ன செய்யப்போகிறது. பிள்ளைகள் பெயரை டீச்சர் பதிவேட்டு வரிசையில் படிக்க, இருசம்மாள் நடுவே கைகாட்டி நிறுத்துவாள். "இப்படி வேணாம் டீச்சர். தெரு வழியா வாங்க. கீழத்தெருவுல மொத வூட்டுலேருந்து." தெருவின் வரிசையில் சொன்னால் ஒவ்வொரு மார்க்கும் அந்தந்த வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் நடக்கும்போது எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

டீச்சர் ஒருதரம், "உனக்கு எழுத்துச் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டார். இருசம்மாள் யோசித்துவிட்டு, "வேணாம் டீச்சர். எழுதி வச்சா மறந்துடும்" என்றாள்.

சாயங்காலம் ரேஷன் கடைக்கு முன்னால் இருந்த வெட்டவெளியில் அவள் நின்று பேச ஆரம்பித்தாள். அங்கே எப்படியும் கூட்டம் இருக்கும். கீழத்தெருப் பெண்கள் வேலையிலிருந்து வந்த கையோடு, கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மேலத்தெருக்காரர்கள் முதலில் சின்னப் பிள்ளைகளை விட்டு என்ன சொன்னாள் என்று கேட்டுவரச் சொன்னார்கள். கேட்டு வந்தது பாதியும் தப்புமாக இருந்ததால், நாலைந்து மாதத்தில் தாங்களே வந்து சற்றுத் தள்ளி நின்றார்கள். ஒரு வருஷத்தில் அந்தத் தள்ளி நிற்பதும் குறைந்துபோனது. மேலத்தெரு ரத்தினம்மாள், "இருசம்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லேன், எனக்குக் காது மந்தம்" என்று அவள் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டாள்.

தப்பு நேராமலும் இல்லை. இரண்டாவது மாதமே பெரிய தப்பு நடந்தது. அப்போது அவள் மார்க்குகளையும் வெட்டவெளியிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆடு மேய்க்கும் அரியமுத்துவின் மகன் செல்லதுரைக்கு ஆங்கிலத்தில் ஏழு மார்க். அவள் சொன்னதும் கூட்டத்தில் யாரோ, "ஆட்டுக்கு ஒண்ணா மார்க்குப் போட்டிருக்காங்க போல" என்று சிரித்துவிட்டார்கள். அரியமுத்துவிடம் அப்போது ஏழு ஆடுகள்தான் இருந்தன. அவர் எழுந்து போனார். போன வேகத்தில் மகனைப் புளிய விளாரால் விளாசினார். மூன்று நாள் செல்லதுரை பள்ளிக்கூடம் வரவில்லை.

இருசம்மாளுக்கு அந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் ஆட்டுப்பட்டிக்கே போனாள். அரியமுத்து அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, தப்பு எம்மேல. ஊரைக் கூட்டி வச்சுச் சொல்லியிருக்கக் கூடாது."

"வாங்கினது ஏழுதானே. சொன்னதுல என்ன தப்பு?"

"ஏழு வாங்கினது ஒங்களுக்கும் அவனுக்கும் தெரியணும். ஊருக்கு எதுக்கு? என்னை நாலு வார்த்தை வேணும்னாலும் திட்டிக்குங்க. புள்ளையை அனுப்புங்க."

அரியமுத்து திட்டவில்லை. ஒரு சொம்புப் பால் கறந்து கொடுத்து அனுப்பினார். செல்லதுரை அன்றே வந்தான். அன்றிலிருந்து இருசம்மாள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். வாத்தியார் சேதி, பரீட்சைத் தேதி, கட்டட வேலை எல்லாம் வெட்டவெளியில். மார்க் மட்டும் அந்தந்த வீட்டு வாசலில், அந்த வீட்டு ஆட்களிடம், தணிந்த குரலில்.

இப்படி மூன்று வருஷம் போனது. கேட்டுப் பழகிய ஜனம் திரும்பக் கேள்வி கேட்கவும் பழகியது. எட்டாம் வகுப்பு அறைக்கு ஓடு மாற்றியாச்சா, பெண் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டுவதாகச் சொன்னார்களே என்ன ஆச்சு, காப்பரீட்சைக்கும் அரைப்பரீட்சைக்கும் மார்க் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா. அவற்றை எல்லாம் இருசம்மாள் திங்கட்கிழமை டீச்சரிடம் கொண்டுவந்து கொட்டுவாள். சேதி போன வழியே கேள்வியும் வந்து சேர்ந்தது.

எழுபத்தொன்பதில் அமிர்தவல்லி டீச்சர் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு ராசாங்கம் சார் வந்தார். பொறுப்பான மனிதர். ஒன்பது மணிக்கு மணி அடிக்கவேண்டும் என்றால் எட்டரைக்கே வந்து மணிக்குக் கீழே நிற்பார். இந்தச் சனிக்கிழமைப் பழக்கத்தையும் முதல் வருஷம் அப்படியே நடத்தினார். சிக்கல் இரண்டாவது வருஷம் வந்தது.

எண்பதாம் ஆண்டு ஜூலையில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த ஆசிரியர் மாற்றல் வாங்கிப் போய்விட்டார். வேறு ஆள் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் ராசாங்கம் சார் எல்லாவற்றையும் படித்துக் காட்டினார். அறிவியல் இடம் காலி என்பதை மட்டும் படிக்கவில்லை.

"சார், சயின்ஸ் சாரு போயிட்டாரே. அதைச் சொல்லவேண்டாங்களா?"

"வேண்டாம் இருசம்மா. நான் சொல்றதைக் கேளு. பத்தாவதுல பதினாலு பொம்பளைப் பிள்ளைங்க இருக்கு. வாத்தியார் இல்லைன்னு தெரிஞ்சா என்ன செய்வாங்க? பருத்தி எடுக்கக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நாலு பிள்ளை நின்னா நாப்பது நிக்கும். பிள்ளைங்க குறைஞ்சா இருக்கிற வாத்தியார் இடத்தையும் எடுத்துடுவாங்க. நான் எழுதிப் போட்டிருக்கேன். ஆள் வந்துடும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருசம்மாள் தலையாட்டினாள். ஆகஸ்டு போனது, செப்டம்பர் போனது. ஒவ்வொரு மாதமும் வெட்டவெளியில் யாராவது, "வாத்தியாருங்க எல்லாரும் இருக்காங்கல்ல?" என்று கேட்பார்கள். அவள் வேறு பேச்சை எடுப்பாள். வீட்டுக்கு வந்தால் குழம்பில் உப்பு இருக்காது, இல்லாவிட்டால் இரண்டு தடவை போட்டிருப்பாள்.

"ஏ புள்ள, ஒனக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று தர்மன் கேட்டான்.

"மனசுதான்யா சரியில்ல" என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

தர்மன் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு, "பெரிய சார் சொல்றதும் சரிதான். நீ தவிக்கிறதும் சரிதான். எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல" என்றான். அந்தப் பதிலே அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடந்தது. மருதாயி மகள் வேம்பு இப்போது பத்தாம் வகுப்பு. தமிழில் எழுபத்தொன்று, கணக்கில் ஐம்பத்தெட்டு. அறிவியலில் பதினான்கு. இருசம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாசலில் நின்று மார்க்கைச் சொன்னாள். அமாவாசை கேட்டுக்கொண்டிருந்தான்.

"மத்ததுல எல்லாம் வாங்கத் தெரியுது, இதுல மட்டும் வாங்கத் தெரியலியா? அது திமிரு. வெளையாட்டுப் புத்தி." அவன் சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் சொன்னான். "போதும் படிச்சது. நாளையிலேருந்து ஒங்கம்மாகூட பருத்திக்குப் போ. தையில ஒங்க மாமன் வந்து பேசறேன்னு சொல்லியிருக்கான். பேசி முடிச்சிடலாம்."

வேம்பு எதிர்த்துப் பேசவில்லை. வாத்தியார் இல்லை என்று அவள் முன்பே ஒருதரம் வீட்டில் சொல்லியிருக்கிறாள். "அப்படி இருந்தா இருசு சொல்லியிருப்பாளே, பொய் சொல்லாதே" என்று வாயை அடைத்துவிட்டார்கள். இப்போது அவள் இருசம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். கெஞ்சவும் இல்லை, அழவும் இல்லை.

அந்தப் பார்வையை இருசம்மாளால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அவ மேல தப்பில்ல. ஜூலையிலேருந்து சயின்ஸுக்கு வாத்தியாரே கிடையாது. புள்ளைங்களா புஸ்தகத்தைப் படிச்சு எழுதியிருக்குங்க. பதினாலு வாங்கினதே பெருசு. நான் தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன்."

மருதாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நீயா இருசு?"

"நான்தான்."

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ராசாங்கம் சார் வந்தபோது இருசம்மாள் அவருக்கு முன்பே வந்து, அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன் சார்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. "அவ்வளவு தூரம் எடுத்துச் சொன்னேனே! இனிமே ஆளாளுக்கு வந்து டி.சி. கேக்கப் போறாங்க. உனக்கு மெமோ குடுத்தாத்தான் புத்தி வரும்."

"குடுங்க சார். குடுக்கறதோட கொஞ்சம் படிச்சும் காட்டிடுங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனாலும் ராசாங்கம் சாருக்கு மேற்கொண்டு கோபப்பட முடியாமல் போய்விட்டது. "போ, போய் மணியடி" என்றார்.

பதினொரு மணிக்குக் கூட்டம் வந்தது. பருத்திக் கொல்லைக்குப் போகாமல், முப்பது நாற்பது பேர். முன்னால் அமாவாசையும் மருதாயியும் வந்தார்கள். மேலத்தெருவிலிருந்து இளையபெருமாள் வந்தார். அவர் பேத்தியும் பத்தாம் வகுப்புதான். ராசாங்கம் சார் எழுந்து வாசலுக்கு வந்தார். டி.சி. புத்தகம் மேசைமேல் இருந்தது. இருசம்மாள் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றபடி அந்தப் புத்தகத்தையே பார்த்தாள்.

அமாவாசைதான் பேசினான். "சார், எங்களுக்குத் தெரியாது, அதான் கேக்கறோம். வாத்தியார் வேணும்னா எங்க போய்க் கேக்கணும்?"

ராசாங்கம் சார் அதை எதிர்பார்க்கவில்லை. திரும்பக் கேட்டார். "யாரும் பிள்ளையை நிறுத்தப் போறதில்லையா?"

"எதுக்கு சார் நிறுத்தறது? இன்னும் மூணு மாசம் இருக்குதுல்ல?" என்றாள் மருதாயி.

அவர் உள்ளே போய், ஒரு முழுத்தாளை எடுத்து, தன் கையாலேயே மனு எழுதினார். எழுதியதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள். மற்றவர்கள் விரலை வைத்தார்கள். இந்தமுறை ரேகைகள் எல்லாம் வேறு வேறாக இருந்தன.

புதன்கிழமை காலை பஸ்ஸில் பதினைந்து பேர் அரியலூரில் இருந்த கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். இருசம்மாள் போகவில்லை. அரசாங்க வேலையில் இருப்பவள் மனு கொடுக்கப் போகக்கூடாது என்று ராசாங்கம் சார் சொல்லியிருந்தார். அன்று முழுக்க அவள் பாத்திரத்தில் தண்ணீர் வழிந்தது தெரியாமல் ஊற்றினாள். நாலாம் பீரியடு மணியை ஐந்து நிமிஷம் முன்னதாக அடித்தாள். சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றாள்.

மருதாயி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சிரிப்போடு இறங்கினாள். "இன்னிக்கு நான் சொல்றேன், நீ கேட்டுக்க" என்று இருசம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் மத்தியானம்வரை உட்கார வைத்தார்களாம். பிறகு அதிகாரி கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினாராம். மனு வந்திருக்கிறது, இடம் காலி என்று தெரியும், ஆனால் இந்த மாதிரிப் பதினேழு இடம் காலியாக இருக்கிறது, நான் என்ன செய்ய என்றாராம்.

"நான் கேட்டேன் இருசு. அந்தப் பதினேழுல பத்தாப்பு இருக்கிறது எத்தனைங்கன்னு. அவரு காயிதத்தைப் பொரட்டிப் பாத்துட்டு ஆறுன்னாரு. அப்ப மார்ச்சுல பரீட்சை எழுதப்போற புள்ளைங்களை மொதல்ல பாருங்கய்யா, மத்ததுங்க ஜூன்வரைக்கும் பொறுத்துக்கும்னேன். அவரு பேனாவைக் கடிச்சுக்கிட்டு யோசிச்சாரு. அப்புறம் பக்கத்து ஊர்லேருந்து ஒரு வாத்தியார வாரம் மூணு நாளு அனுப்பறேன்னு எழுதியே குடுத்துட்டாரு. எளையபெருமாளு அண்ணன் சட்டைப் பையில இருக்கு."

"நீயா பேசின?"

"நான்தான். எனக்கே ஆச்சரியமா இருக்கு."

ஆசிரியர் பொங்கல் கழித்து வந்தார். திங்கள், புதன், வெள்ளி. போதாது என்று ராசாங்கம் சார் சனிக்கிழமையும் அவரை வரவழைத்தார். வேம்பு பருத்திக்குப் போகவில்லை. மாமன் வந்து பேசியபோது அமாவாசை, "பரீட்சை முடியட்டும்ப்பா" என்று அனுப்பிவிட்டான். அந்த ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை ராசாங்கம் சார் இருசம்மாளை உட்காரவைத்துப் படிக்கத் தொடங்கியபோது, முதல் வரியே காலி இடங்கள்தான். அறிவியல் முழுநேரத்துக்கு இல்லை, கைத்தொழில் இல்லை, ஒரு எழுத்தர் இல்லை. படித்துவிட்டு, "எதையும் விட்டுடாதே" என்றார். மெமோ வரவே இல்லை.

முந்தின வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சையை முப்பத்தாறு பேர் எழுதிப் பதினொருவர் தேறியிருந்தார்கள். இந்த வருஷம் முப்பத்தெட்டில் இருபத்துமூன்று. ரிசல்ட் வந்த நாளில் இருசம்மாள் தெரு வரிசையில் போகவில்லை. நேரே மருதாயி வீட்டுக்குத்தான் முதலில் போனாள். வேம்புவுக்கு அறிவியலில் நாற்பத்தொன்று. மருதாயி அழுதாள். ஆனால் தெருவில் யாரும் என்னவோ ஏதோ என்று ஓடிவரவில்லை. விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தேறாத பதினைந்து வீட்டுக்கும் அன்றே போய், செப்டம்பரில் மறுபடி எழுதலாம், இன்ன தேதிக்குள் பணம் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அங்கே ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்தாள்.

வேம்பு இரண்டு வருஷம் கழித்துத் திருச்சியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தாள். செல்லதுரை பத்தாவது தேறவில்லை. ஆனால் அவன் ஆடுகள் ஏழிலிருந்து அறுபது ஆயின. பெற்றோர் கூட்டத்துக்கு அவன் தன் தம்பிக்காக வந்து முதல் வரிசையில் உட்காருவான்.

ஆம், எண்பத்திரண்டு முதல் கூட்டம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடந்தது. ராசாங்கம் சார்தான் உள்ளே கூப்பிட்டார். பெரிய வேப்பமரத்தடியில் பெஞ்சுகளைப் போட்டு, ஆசிரியர்கள் ஒரு பக்கமும் ஊர்க்காரர்கள் ஒரு பக்கமுமாக. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள், வாசலில் ஒரு கரும்பலகையும் வைத்து எல்லாம் எழுதிப்போட்டார்கள். இருந்தாலும் கரும்பலகையைப் படித்துவிட்டு வந்தவர்களே, "நீயும் ஒருதரம் சொல்லிடு இருசம்மா" என்றார்கள். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்குவாள்.

எண்பத்தாறில் ஒரு சனிக்கிழமை. ஆய்வுக்கூடம் கட்டி முடித்திருந்தார்கள். புதிதாக வந்த அறிவியல் டீச்சர் சாமான்களின் பட்டியலைப் படிக்க, இருசம்மாள் அதை ஊராருக்குப் புரியும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். "கண்ணாடிக் குழாய் நாப்பது. உருப்பெருக்கிக் கண்ணாடி ரெண்டு, எறும்பை நாய் மாதிரி காட்டுமாம்." மரத்தடியே சிரித்தது. தர்மன் குவாரியிலிருந்து நேரே வந்து, தலையில் சுண்ணாம்புப் புழுதியோடு கடைசியில் நின்றிருந்தான். அவர்கள் பிள்ளைகள் படிப்பை முடித்துப் போய் வருஷமாகிவிட்டது. ஆனாலும் வருவான்.

மேலத்தெரு ரத்தினம்மாள் கையைத் தூக்கினாள். "அந்த ரூமுக்கு ஜன்னல் கம்பி போட்டாச்சா?"

இருசம்மாள் அறிவியல் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ராசாங்கம் சாரைப் பார்த்தார். ராசாங்கம் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் போடலைம்மா. ரெண்டு ஜன்னலுக்குப் பாக்கி."

"எப்பப் போடுவீங்க?" என்றாள் ரத்தினம்மாள்.